யாளி வரைந்தால் ஏஐ என்கிறார்கள்: ஓவியத் தளங்கள் எப்படித்தான் முடிவெடுக்கின்றன?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தது சுருக்கமாக இது: "கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண் ஒன்றை டேப்லெட்டில் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். ஓவியர்களுக்கான ஒரு தளம் அதை ஏஐ படம் என்று சொல்லி நீக்கிவிட்டது. அதே தளத்தில் உண்மையான ஏஐ படங்கள் குவிந்து கிடக்கின்றன. இவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? இனி நான் படங்களை எங்கே போடுவது? பின்னணிக்கு மட்டும் ஏஐ பயன்படுத்தினால் தப்பா?"

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நீங்கள் வரைந்திருப்பது யாளி. சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண், முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி நிற்கும் வாகு, முதுகில் ஒரு வீரன். வேலூர்க்காரனுக்கு அது பள்ளிக்கூடக் காலத்திலேயே பார்த்துப் பழகிய தூண். எங்கோ ஒரு நாட்டில் வரிசையாகப் படங்களைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும் ஊழியருக்கு அது என்னவாகத் தெரியும்? சிங்கத்தின் முகத்தில் துதிக்கை, எது யாருடைய கால் என்று புரியாமல் பின்னிக் கிடக்கும் உருவங்கள். ஏஐ படத்தைக் கண்டுபிடிக்க ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்த சூத்திரமே "உறுப்புகளை எண்ணிப் பார், பொருந்தாத இடத்தைத் தேடு" என்பதுதானே. விஜயநகரக் காலத்துச் சிற்பியின் கற்பனை இயந்திரத்தின் உளறலாகத் தெரிந்திருக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் இருபது வருடமாகப் படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறவனின் ஊகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் ஏஐ செய்ததா, கை செய்ததா என்று பிழையில்லாமல் சொல்லும் கருவி எந்தத் தளத்திடமும் கிடையாது. இருப்பவை மூன்று: போடுகிறவரே உண்மையைச் சொல்வது, மற்றவர்கள் புகார் கொடுப்பது, நிகழ்தகவு போட்டுச் சொல்லும் மென்பொருள். மூன்றாவது அடிக்கடி தவறும். இரண்டாவதில் பொறாமையும் அறியாமையும் கலந்திருக்கும். முதலாவது மனச்சாட்சியைப் பொறுத்தது. இந்த மூன்றையும் கலந்துதான் தீர்ப்பு எழுதுகிறார்கள். 2022 இறுதியில் ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் பெரிய ஓவியக் குழுவில் ஒரு டிஜிட்டல் ஓவியரை ஏஐ என்று சொல்லி விலக்கினார்கள். அவர் வேலை நடந்த விதத்தைக் காட்டத் தயாராக இருந்தார். நீயே வரைந்திருந்தாலும் பார்க்க ஏஐ போலத்தான் இருக்கிறது, வேறு பாணியைத் தேடிக்கொள் என்ற தொனியில் பதில் வந்தது. அவருடைய பாணியைப் போன்ற ஆயிரக்கணக்கான படங்களைத் தின்றுதான் அந்த இயந்திரம் வளர்ந்தது. பிள்ளை தாயைப் போல இருக்கிறது என்பதற்காகத் தாயை வீட்டைவிட்டுத் துரத்திய கதை அது.

ஆகவே உங்களுக்கு நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. மனம் தளர வேண்டாம்.

இனி பெரிய கேள்வி. ஒரு தளத்தைப் பற்றி எல்லோரும் கேட்பது "அங்கே ஏஐ அனுமதி உண்டா, இல்லையா?" என்றுதான். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து நீங்கள் எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு வீட்டுக்குத் தெருவாசல் இருக்கிறது, கூடம் இருக்கிறது, கொல்லைக் கதவும் இருக்கிறது. ஏஐ படத்தை ஏற்றவிடுகிறார்களா என்பது தெருவாசல். ஏற்றிய பிறகு அடையாளம் ஒட்டித் தனியாக வைக்கிறார்களா என்பது கூடம். உங்கள் படத்தை எடுத்து ஏஐயைப் பயிற்றுவிக்கக் கொடுக்கிறார்களா என்பது கொல்லைக் கதவு. சண்டை எல்லாம் தெருவாசலில் நடக்கிறது. மூட்டை மூட்டையாகச் சரக்கு போவது கொல்லைப்புறமாக.

2022 செப்டம்பரில் தெருவாசலை முதலில் சாத்தியவர்களில் நியூகிரவுண்ட்ஸ், ஃபர் அஃபினிட்டி போன்ற பழைய தளங்கள் இருந்தன. அவை பெரிய கம்பெனிகள் இல்லை. ஓவியர்களோடு சேர்ந்து வளர்ந்தவை. ஒரு நாளைக்கு ஒருவர் ஒரு படம் போட்ட இடத்தில் ஒருவரே நூறு படம் கொட்டினால் மற்றவர் படம் யார் கண்ணிலும் படாது என்பதுதான் அவர்களுடைய கவலை. நியாயமான கவலை என்றே நினைக்கிறேன். அதே மாதம் படங்களை உரிமத்தோடு விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனமும் ஏஐ படங்களுக்குத் தடை போட்டது. அதன் காரணம் வேறு: பதிப்புரிமை வழக்கு வந்தால் வாங்கியவருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம்.

அடுத்தது ஜப்பானின் பிக்சிவ். அவர்கள் தடை போடவில்லை. 2022 அக்டோபரில், படம் ஏற்றும்போதே இது ஏஐ செய்ததா என்று சொல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். வேலை முழுவதையுமோ பெரும்பகுதியையோ ஏஐ செய்திருந்தால் அந்த அடையாளம் கட்டாயம். பார்க்கிறவர் வேண்டாமென்றால் அவற்றை மறைத்துக்கொள்ளலாம். தரவரிசையும் தனி. கூடத்தை இரண்டாகத் தடுத்த மாதிரி. ஆனால் ரசிகர்கள் மாதாமாதம் பணம் கொடுத்து ஓவியரை ஆதரிக்கும் அவர்களுடைய ஃபேன்பாக்ஸ் தளத்தில் 2023 மே மாதம் ஏஐ படங்களுக்கு முழுத் தடை. சும்மா பார்க்கும் இடத்தில் ஒரு விதி, காசு புழங்கும் இடத்தில் ஒரு விதி. என் கணக்கில் இதுவரை யோசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு இதுதான்.

டீவியன்ட்ஆர்ட் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் அதில்தான் இருக்கிறது. 2000இல் தொடங்கிய தளம் அது. என் முதல் கிறுக்கல்களை எல்லாம் தோட்டப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அங்கேதான் ஏற்றினேன். 2022 நவம்பர் 11 அன்று அவர்கள் டிரீம்அப் என்ற சொந்த ஏஐ கருவியை வெளியிட்டார்கள். உள்ளே இருந்தது, எழுதிக் கொடுத்ததைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ. கூடவே, "உங்கள் படங்களை வெளியார் ஏஐ பயிற்சிக்கு எடுக்கக் கூடாது என்றால் அதை நீங்கள் வந்து சொல்லுங்கள்" என்று ஓர் ஏற்பாடு. அதாவது ஒன்றும் சொல்லாதவர் சம்மதித்தவராகக் கணக்கு. அங்கே பத்து வருடமாகப் படம் போட்டுவிட்டு இறந்துபோனவரும் சம்மதித்தவர், கடவுச்சொல்லை மறந்துபோனவரும் சம்மதித்தவர். ஓவியர்கள் கொதித்தெழுந்தார்கள். சீக்கிரமே நிர்வாகம் விதியைத் தலைகீழாகப் புரட்டியது: ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் இல்லை என்றே பொருள்.

இதனால்தான் சொல்கிறேன், எந்தத் தளத்தின் விதிகளைப் படித்தாலும் "நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். மீதியெல்லாம் அலங்காரம்.

ஆனால் சம்மதம் இல்லை என்று படத்துக்கு ஒட்டும் "நோ ஏஐ" அடையாளம் ஒரு கோரிக்கை மட்டுமே. பக்கத்தின் உள்ளே எழுதி வைத்த ஒரு வரி. படம் திரட்ட வரும் இயந்திரம் மரியாதை தெரிந்ததாக இருந்தால் படித்துவிட்டு விலகும், இல்லாவிட்டால் அள்ளிக்கொண்டு போகும். "இங்கு குப்பை கொட்டாதீர்" என்று சுவரில் எழுதுவதற்கு எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவு பலம். மேலும், ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை படித்த லயான் 5பி என்ற தொகுப்பு 2022 மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. படமும் குறிப்புமாக அதில் 585 கோடி இணைகள். யாரிடமும் கேட்டு எடுக்கவில்லை, படங்களின் இணைய முகவரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டார்கள். நம் கல்யாண மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் திட்டம் போட்டதாகவும், வரவேண்டிய கப்பல் வந்து சேராததால் மண்டபம் தப்பியதாகவும் நம் ஊரில் ஒரு கதை உண்டு அல்லவா? இப்போது கப்பலே தேவையில்லை. தூணும் இங்கேயே இருக்கும், களவும் போயிருக்கும்.

ஆர்ட்ஸ்டேஷன் விவகாரம் அடுத்த மாதம் வெடித்தது. விளையாட்டு, சினிமா நிறுவனங்கள் வேலைக்கு ஆள் தேடும் இடம் அது. 2021இல் எபிக் கேம்ஸ் அதை வாங்கியிருந்தது. 2022 டிசம்பரில் முகப்பில் ஏஐ படங்கள் மேலேறி வந்ததைப் பார்த்து, ஓவியர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே படத்தைப் போட்டு முகப்பை நிரப்பினார்கள்: ஏஐ என்ற எழுத்தின் மேல் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும். நிர்வாகம் ஏஐ படங்களைத் தடை செய்யவில்லை. அதற்குப் பதிலாக, பயிற்சிக்கு எடுக்கக் கூடாது என்று குறிக்கும் ஓர் அடையாளத்தைக் கொடுத்தது. அதுவும் படம் போட்டவர்தான் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றும் அங்கே கணக்கு வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் போய் அது ஒட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது கொல்லைக் கதவுக்கு வருகிறேன். படம் விற்கும் தளங்களில்தான் இது வெளிச்சமாகத் தெரியும். ஷட்டர்ஸ்டாக், நம்மைப் போன்றவர்கள் ஏஐ படம் கொண்டுவந்து விற்பதை அனுமதிப்பதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே நிறுவனம் தன் கிடங்கில் உள்ள படங்களைப் பயிற்சிக்காக ஓப்பன்ஏஐக்கு உரிமம் கொடுத்தது. 2022 அக்டோபரில் அவர்களுடைய கருவியையே தன் கடையில் வைத்து விற்பதாக அறிவித்தது. படம் கொடுத்தவர்களுக்கு ஒரு நிதியிலிருந்து பங்கு உண்டு, விலகிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். இருந்தாலும் நீங்கள் ஏஐ படம் விற்றால் குற்றம், அவர்கள் விற்றால் வியாபாரம். கெட்டியும் 2023இல், ஸ்டேபிள் டிஃப்யூஷனை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டுக்கொண்டே, அந்த ஆண்டு செப்டம்பரில் என்விடியாவோடு சேர்ந்து சொந்தக் கருவி ஒன்றை வெளியிட்டது. 2025 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் வணிகச் சின்னம் பற்றிய சிறிய பகுதியைத் தவிர மற்றவை கெட்டிக்குச் சாதகமாக இல்லை.

அடோபி ஸ்டாக் வேறு வழி. 2022 டிசம்பர் முதல் ஏஐ படங்களை ஏற்கிறார்கள். "ஏஐ" என்று பெட்டியில் குறிக்க வேண்டும், ஓவியர் ஒருவர் பெயரைச் சொல்லி அவர் பாணியில் செய்ததாகத் தலைப்பு வைக்கக் கூடாது. 2023 மார்ச்சில் வந்த அவர்களுடைய ஏஐ கருவியான ஃபயர்ஃபிளை இந்தக் கிடங்கைப் படித்துத்தான் வளர்ந்தது. உரிமம் உள்ள சுத்தமான படங்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். படம் கொடுத்தவர்களுக்கு ஊக்கத்தொகை வந்தது, மறுக்கும் வாய்ப்பு வரவில்லை. பிறகு 2024இல் புளூம்பெர்க் செய்தி ஒன்று வந்தது: அந்தப் பயிற்சிப் படங்களில் சுமார் 5 சதவீதம் வேறு ஏஐ கருவிகள் செய்தவையாம். தெருவாசலைத் திறந்து வைத்தால் கொல்லைக்குப் போகும் சரக்கும் கலப்படமாகத்தானே இருக்கும்.

அடையாளம் ஒட்டுவதிலும் ஓட்டை உண்டு. 2023இல் காஸா போர்க் காட்சி போலச் செய்த ஏஐ படம் ஒன்று அடோபி ஸ்டாக்கில் சரியான அடையாளத்தோடுதான் இருந்தது. வாங்கியவர்கள் அடையாளத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் செய்திப் பக்கங்களில் போட்டார்கள். படத்துக்குள்ளேயே அது பிறந்த கதையைப் பதித்து வைக்கும் சி2பிஏ என்ற முறையை அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி முதலியவை சேர்ந்து 2021இல் தொடங்கின. நல்ல முயற்சி. ஒருமுறை வாட்ஸ்அப்பில் போய் வந்தால் அந்தப் பதிவு உதிர்ந்துவிடும். நம் ஊரில் எந்தப் படம் வாட்ஸ்அப்பில் போகாமல் இருக்கிறது?

இதன் மறுபக்கம்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில். 2024 மே மாதம், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா "ஏஐயால் செய்யப்பட்டது" என்று படங்களில் ஒட்டத் தொடங்கியது. ஃபோட்டோஷாப்பில் ஒரு சின்னத் தூசியை ஏஐ வசதியால் துடைத்திருந்தாலும், உள்ளே பதிந்த குறிப்பைப் படித்து, உண்மையான புகைப்படத்தின் மேலும் அதை ஒட்டியது. புகைப்படக்காரர்கள் சண்டை போட்டதும் ஜூலையில் "ஏஐ தகவல்" என்று வாசகத்தை மழுப்பினார்கள். ஆகவே பின்னணிக்கு ஏஐ பயன்படுத்துவது தப்பா என்று கேட்டால், தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தூணை இரண்டு வாரம் வரைந்துவிட்டு, பின்னால் இருக்கும் வானத்தை ஒரு நிமிடத்தில் ஏஐயிடம் வாங்கினால், அந்த ஒரு நிமிடம் இரண்டு வாரத்தையும் விழுங்கிவிடும். படத்துக்கு ஒட்டும் அடையாளத்தில் "பின்னணி மட்டும்" என்று எழுத இடம் இருக்காது. வானத்தையும் நீங்களே வரைந்துவிடுங்கள். அகழித் தண்ணீரில் மாலை வெளிச்சம் விழும்போது போய் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

இந்த இடத்தில் நாமும் யோக்கியர்கள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் சித்தப்பா லாங்கு பஜாரில் கடைப் பலகை எழுதியவர். பிளெக்ஸ் வந்ததும் தூரிகையை மூட்டை கட்டினார். நான் ஒரு பிளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பேனருக்கு மயில், காதுகுத்துப் பேனருக்கு விநாயகர், எல்லாம் இணையத்தில் தேடி இறக்கியதுதான். யாருடைய மயில் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. எங்கள் ஊர் முழுவதும் தொங்கிய அந்த மயிலை வரைந்தவர் எங்கோ ஒரு மூலையில் வாடகைக்குத் திண்டாடியிருக்கலாம். ஏஐ கம்பெனிகளைத் திட்டும்போது எனக்கு அந்த மயில் ஞாபகம் வரும். அவர்கள் செய்தது எங்களைவிடப் பல கோடி மடங்கு பெரியது என்பது வேறு விஷயம்.

சட்டம் நம்மைக் காப்பாற்றுமா என்றால், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மனிதர் கை இல்லாமல் இயந்திரம் மட்டுமே செய்ததற்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், கணினி உருவாக்கிய படைப்புக்கு அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை எழுதிய காலத்தில் யாரும் இப்படி ஒரு இயந்திரத்தை மனத்தில் வைத்திருக்கவில்லை. ஓவியர்கள் மூவர் 2023 ஜனவரியில் ஸ்டெபிலிட்டி, மிட்ஜர்னி என்ற ஏஐ நிறுவனங்களோடு டீவியன்ட்ஆர்ட்டையும் சேர்த்துத் தொடுத்த வழக்கில், பதிப்புரிமைக் குற்றச்சாட்டு தொடரலாம் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அனுமதித்தார். ஓவியர்கள் தங்கள் படங்களை நம்பி வைத்த தளமே எதிர்த்தரப்பில் நிற்பதைக் கவனியுங்கள்.

எங்கே போடுவது என்று கேட்டீர்கள். வேலை தேடுவதாக இருந்தால் ஆர்ட்ஸ்டேஷனைத் தவிர்க்க முடியாது, அடையாளத்தை ஒட்டிவிட்டுப் போடுங்கள். ஏஐ படமே வேண்டாம் என்று நடத்தப்படும் இடம் காரா. சிங்கப்பூரைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஜிங்னா ஜாங் தொடங்கியது. 2024 ஜூன் வாக்கில், மெட்டா நம் பதிவுகளைப் பயிற்சிக்கு எடுக்கப் போகிறது என்ற செய்தி பரவியதும், ஒரே வாரத்தில் அங்கே 40,000 பேர் ஆறரை லட்சம் பேரானார்கள். சர்வர் கட்டணம் மட்டும் 96,000 டாலருக்கு மேல் வந்து தொலைத்தது. நல்ல எண்ணத்துக்கும் கரன்ட் பில் உண்டு. அங்கே பார்வையாளர்கள் பெரும்பாலும் ஓவியர்கள்தான், வாங்குகிறவர்கள் குறைவு. நாலு மாடு இருக்கும் சந்தைக்கு இருபது வியாபாரி வருவதற்குப் பதில், இருபது மாடும் ஒரு வியாபாரியும் வரும் சந்தை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளேஸ், நைட்ஷேட் கருவிகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதக் கண்ணுக்கு அதிகம் தெரியாத மாற்றத்தைப் படத்தில் சேர்த்து, பயிற்சி எடுக்கும் இயந்திரத்தைக் குழப்புவது அவற்றின் வேலை. பயன்படுத்தலாம். ஆனால் பூட்டை உடைக்கும் ஆராய்ச்சியும் கூடவே நடக்கிறது, எனவே அதை நம்பித் தூங்காதீர்கள். நான் செய்வது இன்னும் எளிது: இணையத்தில் போடுவது எப்போதும் சிறிய அளவுப் பிரதி. அச்சுக்குப் போகும் பெரிய கோப்பு என் வன்தட்டைவிட்டு வெளியே போகாது.

இப்போது உடனே செய்ய வேண்டியது. லேயர், அதாவது அடுக்கு அடுக்காகப் பிரிந்த மூலக் கோப்பு உங்களிடம் இருக்கும். அதைத் திறந்து, எல்லா லேயர்களும் தெரியும்படி திரையைப் படமெடுங்கள். வரையும்போதே வேலையைப் பதிவு செய்யும் வசதி புரோகிரியேட்டிலும் கிளிப் ஸ்டுடியோவிலும் இருக்கிறது. இந்தப் படத்துக்கு அதை இயக்கியிருந்தால் அந்த வீடியோ போதும், இல்லையென்றால் அடுத்த படத்திலிருந்து தவறாமல் இயக்குங்கள். முதலில் நோட்டில் பென்சிலால் போட்ட கிறுக்கல் இருந்தால் அதையும் சேருங்கள். அழிரப்பர் தேய்த்த தடத்தோடு இருந்தால் இன்னும் நல்லது. வரைந்ததை நிரூபிக்கும் பாரம் வரைந்தவர் தலையில் விழுவது அநியாயம்தான், ஆனால் இன்றைய நிலைமை அது.

மேல்முறையீட்டுக் கடிதத்தில் கோபத்தைக் காட்டாதீர்கள், "நான் ஏஐ பயன்படுத்தவில்லை" என்று தொடங்கவும் வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். "இந்த விலங்கின் பெயர் யாளி. சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்டது. தென்னிந்தியக் கோயில் தூண்களில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. நான் வரைந்த தூண் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிறது" என்று தொடங்குங்கள். கீழே அந்தத் தூணின் புகைப்படத்தையும் உங்கள் ஓவியத்தையும் அருகருகே வையுங்கள். மண்டபத்தில் படமெடுக்கலாமா என்று கோயில் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: உங்கள் படத்தில் வீரனின் இடது கை கடிவாளத்தைப் பிடிக்காமல் காற்றில் நிற்கிறது. நேரில் போகும்போது அதையும் பார்த்துத் திருத்திவிட்டு அனுப்புங்கள். அது உங்கள் பிழை, யாளியின் பிழை இல்லை.